எல்லாம் அலைதானே பாஸ்?

போன ஞாயித்துக்கிழமை மதியம், சாப்பிட்டுட்டு சும்மா படுத்துக்கிட்டு ஒரு வீடியோ பார்த்தேன். தலைப்பு: 'தனுஷ்கோடியை விழுங்கிய சுனாமி'. இடிஞ்ச தேவாலயம், மணல் மூடின தண்டவாளம், பின்னணியில சோக வயலின். எல்லாம் சரி. ஆனா அந்தத் தலைப்பு?

கீழே போய் பணிவாத்தான் எழுதினேன். "ஐயா, 1964ல தனுஷ்கோடியை அழிச்சது சுனாமி இல்லை, புயல். டிசம்பர் 22 ராத்திரி, விடிஞ்சா 23." அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் பதில் போட்டார். "எல்லாம் அலைதானே பாஸ், செத்தவனுக்கு என்ன வித்தியாசம்?" அதுக்கு நூத்துக்கணக்குல லைக் வேற.

செத்தவனுக்கு வித்தியாசம் இல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா சாகாம இருக்கணும்னு நினைக்கிறவனுக்கு இருக்கு. அங்க நாலு வரியில சொல்ல முடியாததை இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ரெண்டு ரயில்

1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்லேருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பின பாசஞ்சர் ரயில் ஊர் எல்லையில கடல்ல போச்சு. உள்ளே இருந்த ஒருத்தர்கூடப் பிழைக்கல. 2004 டிசம்பர் 26 காலையில, இலங்கையில கொழும்பிலேருந்து தெற்கே போன 'சமுத்திர தேவி' ரயில் பெரலியவுல கடல்ல மாட்டிச்சு. ஆயிரம் பேருக்கும் மேல செத்தாங்க. உலகத்துலயே மோசமான ரயில் விபத்துகள்ல அது ஒண்ணு.

நாப்பது வருஷ இடைவெளியில ரெண்டு டிசம்பர், ரெண்டு ரயில், ரெண்டுமே கடல். ஆங்கிலத்துல ரெண்டுக்குமே 'டைடல் வேவ்'னு எழுதினவங்க உண்டு. தமிழ்ல ரெண்டையும் இப்ப 'சுனாமி' ஆக்கிட்டோம்.

ஆனா நடந்தது என்ன? தனுஷ்கோடியில புயல் நாள் கணக்கா கடல்ல நடந்து வந்தது. இலங்கையைத் தாண்டி வந்தது. காத்து, மழை, இருட்டுன்னு எல்லா அடையாளத்தோடயும் வந்தது. சரியான நேரத்துல சரியான ஆளு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ரயில் பாம்பன்லயே நின்னிருக்கலாம்.

பெரலியவுல அப்படி இல்லை. வெயில் அடிச்ச, காத்தே இல்லாத காலை. முதல் அலை வந்து ரயிலை நிறுத்திச்சு. ஊர் சனமெல்லாம் 'ரயில் கனமா இருக்கு, பத்திரம்'னு பெட்டிக்குள்ள ஏறினாங்க, பெட்டிக்குப் பின்னால ஒதுங்கினாங்க. அடுத்த அலைதான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போச்சு. சுனாமின்னா ஒரு அலை இல்லை, வரிசையா வரும், முதல் அலை பெரும்பாலும் பெருசு இல்லைன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா ரயில்ல ஏறச் சொல்லியிருக்க மாட்டார். மேட்டைப் பார்த்து ஓடச் சொல்லியிருப்பார்.

ரெண்டுக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் வேற வேற. அப்ப பேர் மட்டும் எப்படி ஒண்ணா இருக்கலாம்?

டைடல் வேவ்னு ஒரு பொய்

'டைட்'னா ஓதம். நிலாவும் சூரியனும் இழுக்கறதுல கடல் மட்டம் ஏறி இறங்கறது. நம்ம பக்கம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. நாகப்பட்டினத்துல அந்த ஏத்த இறக்கம் ஒரு மீட்டருக்குள்ளதான். கடிகாரம் மாதிரி, வருஷத்துக்கு முன்னாலயே அட்டவணை போட்டுச் சொல்லிடலாம். உண்மையான ஓத அலை பார்க்கணும்னா சீனாவுல சியாந்தாங் ஆத்துக்குப் போகணும், இல்லைன்னா வங்காளத்துல ஹூக்ளி. கடல் ஏறும்போது ஆத்து முகத்துவாரத்துல தண்ணி சுவர் மாதிரி எதிர்த்து ஏறும். வங்காளிகள் அதை 'பான்'னு சொல்றாங்க. சீனாவுல அதைப் பார்க்க வருஷா வருஷம் திருவிழாக் கூட்டம்.

சுனாமிக்கும் நிலாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடலுக்கடியில பூமி குலுங்கினாலோ, மண் சரிஞ்சாலோ, எரிமலை வெடிச்சாலோ வர்றது. அப்புறம் ஏன் அந்தப் பேர்? கரைக்கு வரும்போது பல இடங்கள்ல அது சுருண்டு விழற அலையா வராம, கடல் மட்டமே விறுவிறுன்னு ஏறற மாதிரி வரும். பார்த்தவன் 'ஓதம் மாதிரி இருக்கே'ன்னு நினைச்சான், பேரு ஒட்டிக்கிச்சு. 'நிலநடுக்கக் கடல் அலை'ன்னு மாத்திப் பார்த்தாங்க. அதுவும் முழுசா பொருந்தல, ஏன்னா நிலநடுக்கம் இல்லாமயும் வரும். கடைசியில ஜப்பான்காரன் வார்த்தையையே எடுத்துக்கிட்டாங்க. 'ட்சு'ன்னா துறைமுகம், 'நமி'ன்னா அலை.

"பேர்ல என்ன இருக்கு"ன்னு இன்னும் கேக்கறவங்களுக்கு ஒரு சம்பவம். 2018 டிசம்பர் 22 ராத்திரி, இந்தோனேசியாவுல சுந்தா நீரிணை. அனாக் க்ரகடோவா எரிமலையோட ஒரு பக்கம் கடல்ல சரிஞ்சு சுனாமி. நிலநடுக்கம் இல்லை, அதனால எச்சரிக்கையும் இல்லை. அன்னிக்குப் பௌர்ணமியை ஒட்டின ராத்திரி. அரசாங்கத்து ஆளுங்களே முதல்ல "இது சுனாமி இல்லை, 'கெலோம்பாங் பாசாங்', பயப்படாதீங்க"ன்னு அறிவிச்சாங்க. கெலோம்பாங்னா அலை, பாசாங்னா ஓதம். அப்படியே சொல்லுக்குச் சொல் டைடல் வேவ்! அப்புறம் தப்புன்னு தெரிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க. 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அறிவிப்பு வந்தப்ப அலை அடிச்சு முடிச்சிருந்தது, அதனால சாவுக்கு அந்த வார்த்தைதான் காரணம்னு சொல்ல வரல. ஆனா அடுத்த அலை எப்போன்னு தெரியாத ராத்திரியில கரையில நிக்கறவனுக்கு 'வெறும் ஓதம், பயப்படாதே'ன்னு சொல்றது எவ்வளவு ஆபத்துன்னு யோசிங்க.

2004 டிசம்பர் 26ம் பௌர்ணமிதான். எங்க ஊர்லயும் "பௌர்ணமில்ல, அதான் கடல் பொங்கிருச்சு"ன்னு அன்னிக்குச் சொன்னவங்க உண்டு.

நானும் யோக்கியன் இல்லை

எங்க ஊர் நாகைன்னு பழைய ஆட்களுக்குத் தெரியும். என் அத்தை வீடு அங்க வெளிப்பாளையத்துல. 2004ல நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. அத்தை வீட்டுக்குத் தண்ணி வரல. ஆனா வாரம் தவறாம மீன் கொண்டு வந்து கொடுக்கற அம்மா அப்புறம் வரவே இல்லை.

அந்த நேரத்துல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? சென்னையில உக்காந்துக்கிட்டு, "சுனாமின்னு சொல்லாதீங்க, அது ஜப்பான் வார்த்தை, ஆழிப்பேரலைன்னு சொல்லுங்க"ன்னு பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். இன்னொருத்தர் "கடற்கோள்னு ஏற்கனவே இருக்கே"ன்னார். கபாடபுரத்தை எல்லாம் இழுத்தார். மூணாவது ஆள் ஒரு அகராதியைத் தூக்கிக்கிட்டு "ஓதப்பேரலை"ன்னு வந்தார். அது டைடல் வேவ்க்கு நேர் மொழிபெயர்ப்பு. அதாவது ஆங்கிலத்துக்காரனே தப்புன்னு கழட்டி எறிஞ்ச சட்டையை எடுத்துத் தைச்சுப் போட்டுக்கிட்ட கதை.

இதுல 'ஓதம்' பாவம் நல்ல சொல்லு. பள்ளிக்கூட புவியியல் புத்தகத்துல இருக்கு. ஆனா வெளியில போய் "இன்னிக்கு ஓதம் ஜாஸ்தி"ன்னு சொல்லிப் பாருங்க, "ஆமா, எங்க வீட்டுச் சுவத்துலயும் காக்குது, பெயிண்ட் எல்லாம் உரிஞ்சுபோச்சு"ன்னுதான் பதில் வரும் :-)

என்னைத் திருத்தினது அத்தைதான். 2012 ஏப்ரல் 11. மதியம் ரெண்டு மணிக்கு சுமத்ரா பக்கம் 8.6 அளவுல நிலநடுக்கம். சென்னையில எங்க ஆபீஸ் மேஜையே ஆடிச்சு. அத்தை போன்ல: "டேய், டிவில சுனாமிங்கறான். இன்னொரு டிவில ஆழிப்பேரலைங்கறான். பக்கத்து வீட்டுக்காரர் வெறும் கடல் கொந்தளிப்புதாங்கறார். மூணும் வருதா? இல்லை மூணும் ஒண்ணா? நான் இப்ப ஓடணுமா, உக்காரணுமா?"

நான் எட்டு வருஷமா தூக்கிப் பிடிச்ச சொல்லு, தேவைப்பட்ட நேரத்துல எங்க அத்தையைக் குழப்பத்தான் உதவிச்சு. "எல்லாம் ஒண்ணுதான் அத்தை, சுனாமிதான், கிளம்பி மேற்கால போங்க"ன்னேன். அன்னிக்கு நல்லவேளையா பெருசா ஒண்ணும் வரல, சாயங்காலமே எச்சரிக்கையை விலக்கிக்கிட்டாங்க. அன்னையோட நான் ஆழிப்பேரலைக்காக மல்லுக்கு நிக்கறதை விட்டேன். கவிதையில எழுதுங்க, அழகான சொல்லு. ஆனா எச்சரிக்கையில சுனாமிதான். அந்த வார்த்தைக்கு எங்க ஊரு கொடுத்த விலை கொஞ்சம் இல்லை. அது இனிமே எங்க வார்த்தை.

படகுக்காரன் என்ன பண்ணணும்?

இதுதான் என் கட்சியோட முக்கியமான பாயிண்ட். மத்ததை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

புயல் வருது. கடல்ல இருக்கற படகுக்கு என்ன சொல்லணும்? உடனே கரைக்கு வா.

சுனாமி வருது. ஆழ்கடல்ல இருக்கற படகுக்கு என்ன சொல்லணும்? கரைக்கு வராதே, அங்கேயே இரு.

நேர் எதிர்! நடுக்கடல்ல சுனாமியோட உயரம் ஒண்ணுமே இல்லை. 2004ல அது கிளம்பி ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு செயற்கைக்கோள் அளந்தது, சுமார் 60 சென்டிமீட்டர். மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்துல படகுக்கு அடியில போகும், படகுல தூங்கறவன் முழிக்கக்கூட மாட்டான். கரைகிட்ட ஆழம் குறையக் குறையத்தான் வேகம் அடங்கி உயரம் எழும்பும். அன்னிக்குக் கடல்ல இருந்த எங்க ஊர் ஆட்கள் பல பேர் ஒண்ணும் தெரியாம மீனோட திரும்பி வந்தப்ப கரையில ஊரே இல்லை. ஜப்பான்காரன் 'துறைமுக அலை'ன்னு பேர் வெச்சதும் இதே அனுபவத்துலதான்னு சொல்வாங்க.

இப்ப சொல்லுங்க, ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சுக்கிட்டு, வயர்லெஸ்ல "பேரலை வருது, பேரலை வருது"ன்னு கத்தினா படகுக்காரன் எந்தப் பக்கம் திருப்புவான்?

ஒரு மீட்டர் அலைதானே

2018 நவம்பர், கஜா புயல். 16ஆம் தேதி விடியறதுக்கு முன்னால நாகை, வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதுக்கு முந்தின நாள் வானிலைத் துறை எச்சரிக்கையில ஒரு வரி: வழக்கமான ஓத மட்டத்துக்கு மேல சுமார் ஒரு மீட்டர் வரைக்கும் கடல் எழும்பும், தாழ்வான பகுதிகளுக்குள்ள வரும்.

இதை ஒரு டிவி சேனல் எப்படிப் போட்டுச்சு? "1 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பும்." அவ்வளவுதான். அத்தையோட சின்ன மகள் வேதாரண்யம் பக்கத்துல கடலோரமா இருக்கா. போன் பண்ணி "முகாமுக்குப் போயிருங்க"ன்னு சொன்னேன். மாப்பிள்ளை சிரிச்சார். "ஒரு மீட்டர் அலைதானே மச்சான்? தினமும் அதைவிடப் பெருசா பார்க்கறோம்."

அவர் சொன்னதுல தப்பே இல்லை. ஒரு மீட்டர் அலை ஒண்ணும் பெருசில்லை. ஆனா எச்சரிக்கையில இருந்தது ஒரு மீட்டர் *அலை* இல்லை. ஒட்டுமொத்த கடல் *மட்டமே* ஒரு மீட்டர் தூக்கும், அதுக்கு மேல அலை தனிக் கணக்கு. தட்டையான எங்க டெல்டா மண்ணுல கடல் ஒரு மீட்டர் தூக்கினா எவ்வளவு தூரம் உள்ளே வரும்னு உப்பளக்காரனைக் கேளுங்க.

ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி வாசல் ஏறிச்சு. பிள்ளைகளைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாங்க. உசுருக்கு ஒண்ணும் இல்லை. ரெண்டு மாடு போச்சு. அவிழ்த்து விட நேரமில்லை, கட்டின கயித்தோடயே போச்சு. அந்தச் செய்தியை எழுதினவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் நல்லவராத்தான் இருப்பார். அவர் கையில அதுக்கு ஒரு தமிழ்ச் சொல்லு இல்லை, அதான் விஷயம்.

பக்கத்து வீட்டுல எல்லாம் இருக்கு

நமக்கு இல்லாதது அடுத்தவங்களுக்கு இருக்கு. தெலுங்குல அதுக்கு 'உப்பெனா'. 1977 நவம்பர் 19ல கிருஷ்ணா மாவட்டம் திவிசீமாவுல புயலோட கடல் ஏறி பத்தாயிரம் பேர் வரைக்கும் போனாங்க. ஆங்கிலத்துல அதுவும் டைடல் வேவ்தான். ஆந்திராக்காரனுக்கு அது திவிசீமா உப்பெனா. சொன்ன உடனே எந்தத் தண்ணின்னு தெரியும். வங்காளத்துல 'ஜலோச்சாஸ்'. 1970 நவம்பர்ல போலா புயல்ல குறைஞ்சது மூணு லட்சம் பேரைப் பறிகொடுத்தவங்க அவங்க.

கேரளா மீனவர்கள் கிட்ட 'கள்ளக்கடல்'. காத்தும் இல்லை, மழையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எங்கேயோ வீசின புயலோட அலை, நாள் கழிச்சு இங்க வந்து திருடன் மாதிரி கரைக்குள்ள ஏறும். விஞ்ஞானிகளே அந்தப் பேரைத்தான் உலக அளவுல எடுத்துக்கிட்டாங்க. 2024 மே மாசம் அந்த எச்சரிக்கை நம்ம தெற்குக் கடலுக்கும் வந்தது. மே 6, கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கிட்டுப் போச்சு. எச்சரிக்கை இருந்தது. ஆனா வெளியூர்லேருந்து வந்த பிள்ளைங்களுக்கு 'கள்ளக்கடல்'னா என்னன்னு யாரு சொல்லிக் கொடுத்தா? அடுத்த நாள் டிவியெல்லாம் "அது என்ன கள்ளக்கடல்?"னு ஓட்டினாங்க. அடுத்த நாள்!

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. சுமத்ராவுக்குப் பக்கத்துல சிமெலு தீவு. 2004 நிலநடுக்க மையத்துக்குக் கூப்பிடு தூரம். அலை வர பத்து நிமிஷம்கூட ஆகல. சைரன் இல்லை, டிவி இல்லை. சுமார் 78,000 சனத்துல செத்தது 7 பேர். ஏன்னா அவங்ககிட்ட ஒரு வார்த்தை இருந்தது: 'ஸ்மோங்'. 1907ல ஒரு சுனாமி அந்தத் தீவை அழிச்சது. அதிலேருந்து பாட்டிமார் தாலாட்டாவும் கதையாவும் சொல்லிக் கொடுத்துக்கிட்டே வந்தாங்க. நிலம் பலமா ஆடி, கடல் உள்வாங்கினா அது ஸ்மோங், மலைக்கு ஓடு. அன்னிக்கு யாரோ ஒருத்தர் "ஸ்மோங்!"னு கத்தினார், ஊரே மலையில.

அவங்க ஸ்மோங்னு புயலையும் சொல்லல, பௌர்ணமிக் கடலையும் சொல்லல. "ஆஃபர் ஸ்மோங்"னு துணிக்கடையும் போடல.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லும்?

ஒண்ணு: "2013ல பிலிப்பைன்ஸ் டக்லோபான்ல என்ன நடந்தது தெரியுமா? ஹையான் புயலப்ப 'ஸ்டார்ம் சர்ஜ்'னு எச்சரிக்கை கொடுத்தாங்க, சனத்துக்குப் புரியல. சுனாமின்னு சொல்லியிருந்தா ஓடியிருப்போம்னு பிழைச்சவங்களே சொன்னாங்க. அப்ப எல்லாத்தையும் சுனாமின்னே சொல்லிட்டா நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. நானே இதுல ரொம்ப நாள் தடுமாறினேன். ஆனா டக்லோபான் சொல்ற பாடம் 'தெரிஞ்ச வார்த்தையைத் தப்பா சொல்லு' இல்லை. 'தேவையான வார்த்தையை முன்னாடியே தெரிய வை'. சுனாமின்னா கடல் உள்வாங்குதான்னு பார்த்துட்டு ஓடலாம்னு ஒருத்தன் நிப்பான். புயல்ல கடல் உள்வாங்குதான்னு பார்த்துக்கிட்டு நின்னா, காத்து ஆளைத் தூக்கற நேரத்துல எங்க ஓடுவான்? அதுக்கு முந்தின நாளே போயிருக்கணும். அப்புறம் ஒவ்வொரு புயலுக்கும் சுனாமின்னு கத்தினா, நிஜ சுனாமி அன்னிக்கு ஒருத்தனும் எழுந்திரிக்க மாட்டான்.

ரெண்டு: "மக்கள் வெள்ளம்னு சொல்றோம், அனுதாப அலைன்னு சொல்றோம். மொழி அப்படித்தான் வளரும். நீ என்ன போலீஸா?"

இல்லீங்க. அலைன்னு சொல்லுங்க, வெள்ளம்னு சொல்லுங்க. வெள்ளம்னா என்னன்னு எல்லாருக்கும் காலால தெரியும், உவமை அதைக் கெடுக்காது. ஆனா சுனாமி நம்ம பேச்சுக்கு 2004லதான் பிணங்களோட வந்தது. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைங்க அதைப் பார்த்ததே இல்லை. அவங்களுக்கு அது 'வசூல் சுனாமி', 'தள்ளுபடி சுனாமி'யாத்தான் முதல்ல காதுல விழுது. ஸ்மோங்கை 97 வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாத்தினாங்க. நாம எத்தனை வருஷத்துல சுனாமியைத் துணிக்கடை வாசல்ல கட்டினோம்? நம்மாளுங்களும் சளைச்சவங்க இல்லை. "ஹிட்ஸ் சுனாமி"ன்னு எழுதினவர் யாருன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும் :-)

என்னதான் பண்ணச் சொல்றே?

பெருசா ஒண்ணும் இல்லை. நாலு தண்ணிக்கு நாலு பேர்.

நிலா இழுத்தா ஓதம். பூமி குலுங்கி வந்தா சுனாமி. தூரத்துப் புயலோட அலை சத்தமில்லாம வந்தா கள்ளக்கடல். புயலோட கடல் மட்டம் தூக்கி ஊருக்குள்ள வந்தா, அதுக்கு 'கடலேற்றம்'னு சொல்லலாம்ங்கறது என் கட்சி. நானா கண்டுபிடிச்சதில்லை. கஜா அன்னிக்கு விடியக்காலை அத்தை மகள் போன்ல அழுதுக்கிட்டே சொன்னது: "அண்ணே, கடல் ஏறிருச்சுண்ணே." ஒரு மீட்டர் அலைன்னு அவ சொல்லல. ஏறிருச்சுன்னுதான் சொன்னா. முந்தின நாள் டிவியும் "கடல் ஒரு மீட்டர் ஏறும்"னு போட்டிருந்தா, மாப்பிள்ளை சிரிச்சிருக்க மாட்டார்.

இதைவிட நல்ல சொல்லு இருந்தா கொண்டு வாங்க, சண்டை போடாம ஏத்துக்கறேன். ஆனா ஒண்ணுக்கு ஒரே ஒரு பேர்தான். டைடல் வேவ்னு மூலத்துல இருந்தா, எந்தத் தண்ணின்னு விசாரிச்சுட்டு மொழிபெயர்த்துப் போடுங்க. தனுஷ்கோடியைப் பத்தி எழுதினா புயல்னு எழுதுங்க.

அந்த வீடியோக்காரர் இன்னும் தலைப்பை மாத்தல. நான் தினமும் போய்ப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

டிஸ்கி: "சுவத்து ஓதத்துக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்"னு யாராவது பின்னூட்டத்துல கேட்டீங்கன்னா, அடுத்த பதிவு அதைப் பத்திதான். எங்க வீட்டுலயும் காக்குது.